வெள்ளிக்கெழம புடிங்கும் மேல்தட்டு டப்பாக்களும்

துபாய்ல இருந்தேன்னு சொன்னா எல்லாரும் ஒட்டகம் பாத்தியா, தங்கம் வாங்குனியான்னுதான் கேக்கிறாங்க. ஒட்டகம் பாத்தேன். அதுவும் என்னையப் பாத்துச்சு. அதுக்கு மேல எங்க ரெண்டு பேருக்கும் பேச்சு இல்ல. நான் அங்க வருசக்கணக்கா மூஞ்சிக்கு மூஞ்சி பாத்தது புடிங்கத்தான்.

நம்ம பக்கம் புடிங்குன்னா என்னா? முட்டையும் பாலும் அடிச்சு, சீனியக் கருக்கி ஊத்தி அவிக்கிறது. இல்லன்னா பெருநாளைக்கு முஸ்லிம் கடக்கார நானா வீட்லருந்து வர்ற வட்டிலப்பம். ரெண்டும் இனிப்பு, ரெண்டும் மெதுமெதுன்னு இருக்கும், கத முடிஞ்சிருச்சு. நான் வேல பாத்த வெள்ளக்காரங்க வீட்ல அப்பிடி இல்ல. எது புடிங்கு, எது புடிங்கு இல்லன்னு கடைசி வரைக்கும் எனக்குப் பிடிபடல. சோத்துல பால ஊத்தி ஓவன்ல வச்சு மேல ஆட கட்டுனா அது புடிங்கு. காஞ்சு போன பாணுக்கு, அதான் பிரெட்டு, அதுக்கு வெண்ணெ தடவி முட்டப்பால்ல ஊற வச்சா அதுவும் புடிங்கு. மஞ்சப் பருப்ப துணியில மூட்ட கட்டி உப்புத்தண்ணியில அவிச்சு மசிச்சு வச்சாலும் புடிங்குதானாம். அது நம்ம பருப்புக் கடையல்தாங்க. தாளிக்க மறந்துட்டாங்க, அவ்வளவுதான்.

இன்னொண்ணு இருக்கு, இறச்சியோட திங்கிறது. மாவத் தண்ணியாக் கரச்சு, கொழுப்பு புகைஞ்சுக்கிட்டு இருக்கிற தட்டுக் குழியில ஊத்தி ஓவன்ல தள்ளுவாங்க. தொப்பி தொப்பியா பொங்கி எந்திரிக்கும். அந்த நேரத்துல ஓவன் கதவத் தொறந்துறக் கூடாது. தொறந்தா பொசுக்குன்னு அமுங்கிப் போயிரும், அப்புறம் யாரு எழுப்புனாலும் எந்திரிக்காது. சார் தண்ணி குடிக்க அடுப்படிக்கு வந்தாக்கூட மேடம் வெளிய வெரட்டி விட்டுருவாங்க. ரத்தத்துல செய்யிற கறுப்புப் புடிங்கு ஒண்ணும் இருக்காம். அது துபாய்ல கெடைக்கலன்னு சார் அடிக்கடி ஏங்குவாரு. நம்ம ஊர்ல ஆட்டு ரத்தம் வறுக்கிறோமே, அதுக்குப் பச்சமொளகாயும் வெங்காயமும் போடணும்னு நான் கையாலயே காட்டிக் காட்டிச் சொன்னேன். அவரு தலையாட்டிட்டுப் பேப்பர் படிக்கப் போயிட்டாரு.

நான் இலங்கையில ஹட்டன் பக்கத்துத் தேயிலத் தோட்டத்துக்காரி. புருசன் போன பொறகு, கொழுந்து எடுத்துக்கிட்டு இருந்தவ, ஏஜென்சி மூலமா துபாய்க்கு வீட்டு வேலைக்குப் போனேன். அது ஊர்ல எம்பத்திமூணு கலவரத்துக்கு முந்தி. ஜுமேராவுல வீடு. வாசல்ல காகிதப்பூ, பின்னால மணல், அதுக்கும் பின்னால கடலு. மேடம் நல்லவங்க. கத்த மாட்டாங்க. சாருக்கு கம்பெனி வேல, ரெண்டு சின்னப் புள்ளைங்க. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எனக்கு வந்த இங்கிலீசு அடுப்படி இங்கிலீசு. ஓவன், டின், ஸ்பூன், ஹாட், பினிஷ். அத வச்சே எல்லாப் பேச்சும் பேசிருவோம்.

அங்க வெள்ளிக்கெழமதான் லீவு. எனக்கும் காலைல லீவு. நான் அப்ராவுல ஏறி, அதான் அந்தச் சின்னப் படகு, அதுல ஓடை தாண்டிப் பெரிய கடைத்தெருப் பக்கமெல்லாம் சுத்திட்டு, பர்துபாய் கோயிலுக்கு வந்து கும்பிட்டுட்டு, மத்தியானத்துக்குத் திரும்புவேன். சுத்து வழிதான். படகுல போகணும்னு ஒரு ஆச, அதுக்குத்தான். நான் போன நேரத்துல மேடம் தன் கையாலயே ஒரு இனிப்புப் புடிங்கு செஞ்சு வச்சிருப்பாங்க. வாரம் பூரா நான் சமைக்கிறேன்னு வெள்ளிக்கெழம புடிங்கு மட்டும் அவங்க வேல. எனக்குன்னு ஒரு கிண்ணத்துல மூடி வச்சிருப்பாங்க. அது என்னா ருசின்னு எப்பிடிச் சொல்றது. உருண்டையா, பஞ்சு மாதிரி, உள்ள முந்திரிகைவத்தல், அதான் ஒலந்த திராட்ச, போட்டு, மேல சூடா மஞ்சக் கஸ்டடு ஊத்தி. சில வாரம் பாகு ஊத்துனது. நம்ம ஊர்க் கித்துள் மரத்துல எறக்குற பாணி இருக்குல்ல, அதுக்குத் தங்கச்சி மாதிரி.

அவிக்கிற முறையும் நம்ம முறதான். கிண்ணத்துல மாவப் போட்டு, மேல காகிதமும் துணியும் மூடி நூலால கட்டி, பெரிய சட்டித் தண்ணியில எறக்கி மணிக்கணக்கா அவிக்கணும். சட்டிக்குள்ள அடியில ஒரு சாசர கவுத்து வச்சிருப்பாங்க. தண்ணி இருந்து கொதிக்கிற வரைக்கும் அது கடகட கடகடன்னு ஆடிக்கிட்டே கெடக்கும். சத்தம் நின்னா தண்ணி வத்திருச்சுன்னு அர்த்தம், ஓடிப் போய் ஊத்தணும். நான் மொத மொத அதக் கேட்டப்போ சிரிச்சுட்டேன். எங்கம்மா பிட்டுப் பானைக்குள்ள ஒரு செப்புக் காசு போட்டு வப்பா, இதே வேலைக்கு. மேடத்துக்கு அதச் சொல்லிக் காட்டுனேன். அவங்களும் சிரிச்சாங்க. அன்னையிலருந்துதான் நாங்க ரெண்டு பேரும் கொஞ்சம் ஒட்டிக்கிட்டோம்னு நெனைக்கிறேன்.

இப்ப எம்மக கதைக்கு வர்றேன். அது இல்லாம இது இல்ல.

எம்மகளுக்குக் கல்யாணமாகி ரெண்டு தடவ வயித்துல தங்குனது நெலைக்காமப் போச்சு. மூணாவது தடவ உண்டானப்போ நான் துபாய்ல. சேதி கேசட்ல வந்துச்சு. எங்கள மாதிரி எழுத்துத் தெரியாதவங்களுக்கு அந்தக் காலத்துல கேசட்தான் கடுதாசி. ஊருக்குப் போற ஆளு கையில குடுத்து விடுறது, வர்ற ஆளு கையில வாங்கிக்கிறது. அதுல மக பேசுவா, நடுவுல சேவல் கூவும், லயத்து வீட்டுத் தகரத்துல மழ பேயும், பக்கத்துக் காம்பறா வீட்டுக்காரி வந்து "அக்கா எனக்கு ஒரு சேல"ன்னு கத்திட்டுப் போவா. கேட்டா ஊருக்கே போயிட்டு வந்த மாதிரி இருக்கும்.

அந்தக் கேசட்டக் கேட்ட அன்னைக்கே எங்க தோட்டத்து மாரியம்மனுக்கு நேந்துக்கிட்டேன். புள்ள நல்லபடியா பொறந்து வாயத் தொறந்து சத்தம் போடுற வரைக்கும் நான் கவுச்சி தொட மாட்டேன் தாயேன்னு. மீனு இல்ல, கருவாடு இல்ல, கோழி இல்ல. மாட்டுக்கறி எப்பவுமே இல்ல. மேடத்துக்கு சமைச்சுக் குடுப்பேன், தொடுவேன், அது வேல. வாயில வச்சது கெடையாது. முட்டைய மட்டும் அம்மன்கிட்ட அப்பவே பேசி விலக்கு வாங்கிட்டேன். வெள்ளக்காரன் வீட்ல முட்ட இல்லாத பண்டம் எது, நான் பட்டினி கெடந்து வேல செய்ய முடியுமான்னு வெளக்கமாச் சொன்னேன். அவளும் கேட்டுக்கிட்டா. மகளுக்கும் கேசட்ல சொல்லி விட்டேன்.

மேடத்துக்கிட்டயும் சொன்னேன். "நோ மீட். நோ பிஷ். மை டாட்டர் பேபி கம், தென் ஈட்." அவங்க என் கையப் பிடிச்சு ஓகே ஓகேன்னாங்க. அதுக்கப்புறம் ஒரு நாளும் ஏன் மீனு திங்கலன்னு கேட்டதில்ல. கருவாட்டுக்கு ஏங்குன நாக்குக்கு வெள்ளிக்கெழமக் கிண்ணந்தான் ஒரே தொண. வாரம் தவறாம வழிச்சு நக்கித் தின்னேன்.

மகளுக்கு மாசம் ஏற ஏற, குளிர்காலமும் வந்துச்சு. மேடத்தோட அம்மா இங்கிலாந்துல இருந்து வந்தாங்க. வருசா வருசம் வருவாங்களாம், நான் பாக்கிறது அதான் மொத தடவ. பெரிய மேடம்னு கூப்பிடுவேன். குட்டையா, வெள்ள முடியோட, ஒரு எடத்துல நிக்காத பொம்பள. பெட்டியத் தொறந்தாங்க, உடுப்பக் காணோம். எல்லாம் தீனி. டீ வேற கொண்டாந்திருந்தாங்க. தேயிலத் தோட்டத்துக்காரிகிட்டயே இங்கிலாந்து டீயப் போட்டுக் காட்டுனாங்க, நானும் குடிச்சு வச்சேன். ஒரு கறுத்த உருண்டப் புடிங்கும் அங்கருந்தே செஞ்சு கொண்டாந்தாங்க. நத்தாரு, அதான் கிறிஸ்மஸ் அன்னைக்கு விளக்க அணைச்சுட்டு, அதுக்கு மேல சாராயத்த ஊத்திப் பத்த வச்சாங்க பாருங்க, நீல நெருப்பு எரியுது. நான் சூடம் காட்டுறாங்கன்னு கன்னத்துல போட்டுக்கிட்டேன். புள்ளைங்களும் என்னையப் பாத்துக் கன்னத்துல போட்டுக்கிட்டுதுங்க. நல்ல வேள, அதுல எனக்குத் துண்டு வரல. சாராயம் வேண்டாம்னு நானே சொல்லிட்டேன்.

அது முடிஞ்சு சில நாள் கழிச்சு, பெரிய மேடம் எனக்கு இறச்சிப் புடிங்கு சொல்லிக் குடுக்கப் போறேன்னு அடுப்படிக்கு வந்தாங்க. மாட்டிறச்சியும் ஈரலும் மாதிரி ஏதோ வெட்டி வச்சாங்க. மாவக் கொட்டுனாங்க. அப்புறம் பெட்டியில இருந்து ஒரு அட்ட டப்பாவ எடுத்து, அதுக்குள்ள இருந்ததக் கொட்டுனாங்க. வெள்ள வெளேர்னு பொடிப்பொடியா, தேங்காப்பூவேதான். எனக்கு வாயில தண்ணி ஊறிருச்சு. ஒரு சிட்டிகை எடுத்து வாய்க்குக் கொண்டு போகப் போயி, எதுக்கும் கேப்பமேன்னு கேட்டேன்.

"கோகனட்?"

பெரிய மேடம் அப்பிடியே நின்னாங்க. அப்புறம் ரெண்டு வெரல எடுத்துத் தலையில கொம்பு மாதிரி வச்சாங்க. "மூ"ன்னாங்க. எனக்கு இன்னும் புரியலன்னு நெனச்சு, திரும்பி நின்னு, ரெண்டு கையாலயும் தன்னோட இடுப்புப் பக்கம் தட்டித் தட்டிக் காட்டுனாங்க. இங்கருந்து, இங்கருந்து எடுக்கிறதுன்னு. கொம்பு வச்ச பொம்பள இடுப்பத் தட்டுறதப் பாத்துச் சிரிக்கணும்போல இருந்துச்சு. அதுக்குள்ள மாட்டுக் கொழுப்புன்னு வெளங்கிருச்சு. கைய ஒதறிட்டேன்.

சரி, இறச்சிப் புடிங்குக்கு மாட்டுக் கொழுப்பு போடுறாங்க, போட்டுட்டுப் போகட்டும், நானா திங்கப் போறேன்னு இருந்தேன். அவங்க நிறுத்தல. டப்பாவத் தட்டிப் பெருமையாச் சொல்றாங்க. "ஸ்வீட் புடிங், சேம் சேம். எவ்ரி ப்ரைடே. மை டாட்டர், சேம் சேம்."

மவராசி, இனிப்புக்குள்ள யாராச்சும் கொழுப்பப் போடுவாங்களா? நம்ம ஊர்ல பாயாசத்துல கருவாட்டப் போடுவாங்களா? எத்தன வெள்ளிக்கெழம. எத்தன கிண்ணம். நக்கித் தின்னேனே. குளியலறைக்குள்ள போயி தொண்டையில வெரல விட்டுப் பாத்தேன். போன வாரம் தின்னது இன்னைக்கு வருமா. கண்ணுல தண்ணிதான் வந்துச்சு. கண்ண மூடுனா எம்மக வயிறுதான் தெரியுது.

பக்கத்து வீட்ல யாழ்ப்பாணத்து அக்கா ஒருத்தங்க புள்ள பாக்கிற வேலையில இருந்தாங்க. கழுத்தளவுச் சொவரு, ரெண்டு பக்கமும் துணி காயப்போடுற நேரத்துல பேச்சு. இங்கிலீசு நல்லாப் பேசுவாங்க. சாயங்காலம் சொவத்துக்கு மேல தல தெரிஞ்சுச்சு.

"என்ன பிள்ளை, முகம் பேயறைஞ்ச மாதிரிக் கிடக்கு?"

ஒண்ணு விடாமச் சொன்னேன். கேட்டுட்டு அவங்க ஒரு கமிச ஒதறிக் கொடியில போட்டாங்க.

"இதுக்கோ இந்தப் பாடு? நான் உமக்கு விசா முடிஞ்சுபோச்சாக்கும் எண்டெல்லே நினைச்சன்."

"அக்கா, அம்மனுக்கு நேத்தி வச்சிருக்கேங்க்கா."

"தெரியாமச் சாப்பிட்டது எப்பிடிக் குற்றமாகும்? அம்மாளாச்சிக்கு உம்மட கோப்பையை எட்டி எட்டிப் பாக்கிறதோ வேலை?"

"எங்க அம்மன் பாப்பாக்கா. எல்லாத்தயும் பாப்பா."

"அப்பிடி எண்டால் அவ உமக்கு முதல் வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கலாமே. இவ்வளவு நாளும் பாத்துக்கொண்டு இருந்தவவோ?"

நான் எம்பக்கத்துக் கொடியில காஞ்ச துணிய உருவுனேன். சிரிப்பும் வரல.

"நான் வந்து உம்மட மேடத்திட்டக் கேக்கட்டே?"

"வேணாங்க்கா."

"ஏன்?"

"ஆமான்னு சொல்லிட்டா?"

அக்கா என்னைய ஒரு மாதிரி பாத்துட்டு, துணிக்கூடையத் தூக்கிக்கிட்டாங்க. "உமக்கு விசர். போய்ச் சாப்பிடும்." எனக்குப் பைத்தியமாம்.

அந்த வாரம் வெள்ளிக்கெழமக் கிண்ணத்த நான் தொடல. வயிறு சரியில்லன்னேன். பெரிய மேடத்துக்கு அது பொறுக்கல. தட்டோட என் ரூமுக்கே வந்து, சாப்பிடு சாப்பிடு, தெம்பு, தெம்புன்னு கைய மடக்கிக் காட்டுறாங்க. நான் கும்பிட்டு அனுப்பி வச்சேன். மேடம் கதவுக்கிட்ட நின்னு பாத்துக்கிட்டே இருந்தாங்க.

அடுத்தாப்புல கேசட் வந்துச்சு. லீவு முடிஞ்சு வந்த ஒரு பொம்பள குடுத்து விட்டா. அக்காவோட ரேடியோவுல போட்டுக் கேட்டேன். சேவல் சத்தம் இல்ல, மழச் சத்தம் இல்ல. மக மெதுவாப் பேசுறா. "அம்மா, காலு ரெண்டும் வீங்கியிருக்கு. டாக்டரு ஆஸ்பத்திரியில வந்து படுத்திருன்னுட்டாரு. நாளைக்குப் போறோம். பயப்படாத. நேத்திய மட்டும் மறந்துறாதம்மா." அவ்வளவுதான். அதுக்கு மேல கொர கொரன்னு நாடா ஓடுற சத்தம்.

அக்கா கேசட்ட எடுத்து உறையில போட்டு என் கையில வச்சாங்க. அன்னைக்குக் கிண்டல் இல்ல.

அப்பதான் எனக்கு ஒரு தெளிவு வந்துச்சு. நேத்தி முறிஞ்சிருந்தா, முறிஞ்சதுன்னு தெரிஞ்சாத்தான பரிகாரம் செய்ய முடியும். மொட்ட போடுறதா, தீ மிதிக்கிறதா, ஏதோ ஒண்ணு புதுசா நேந்துக்கலாம். தெரியாம நடுங்கிக்கிட்டு இருந்தா அம்மனுக்கும் எனக்கும் நடுவுல கணக்கே ஓடாது. கேட்டுர்றதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

மறுநா மத்தியானம் பெரிய மேடம் தூங்குறாங்க. மேடம் சாமான் அறையில பால்மா டின்ன அடுக்கிக்கிட்டு நிக்கிறாங்க. உள்ள போனேன். வாயில இங்கிலீசு வரல. வேற வழி இல்லாம நானும் ரெண்டு வெரலத் தலையில வச்சேன்.

"மேடம். எவ்ரி ப்ரைடே புடிங். மூ?"

அவங்க முழிச்சாங்க. நான் இடுப்பத் தட்டிக் காட்டுனேன். "மூ பேட். இன்சைட்? ஐ ஈட். மை டாட்டர் பேபி..." அதுக்கு மேல எனக்கு அழுக வந்துருச்சு.

மேடத்துக்கு அப்பதான் வெளங்குச்சு. மூஞ்சி செவந்து போச்சு. மெதுவாக் கதவச் சாத்துனாங்க. சாத்திட்டு ஒரு ஸ்டூல இழுத்துப் போட்டு ஏறி, மேல்தட்டுல இருந்த சூட்கேச நகத்துனாங்க. அதுக்குப் பின்னால பாத்தா, பெரிய மேடம் கொண்டாந்த அதே டப்பா. ஒண்ணு ரெண்டு இல்ல, சொவத்துக்குச் சொவரு ஒரு அடுக்கு. ஒண்ணுகூடப் பிரிக்கல. சிலதுக்கு அட்டையே மங்கிப் போயிருக்கு, போன வருசத்தது, அதுக்கு முந்தின வருசத்தது. அம்மா கொண்டாரக் கொண்டார அவங்க ஒளிச்சு ஒளிச்சு வச்சிருக்காங்க.

எறங்கி வந்து என் கையப் பிடிச்சு அடுப்படிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. பிரீசரத் தொறந்தாங்க. கல்லு மாதிரி ஒரு வெண்ணெக் கட்டி. பக்கத்துலயே துருவுற தகடு. ரெண்டு இழுப்பு துருவிக் காட்டுனாங்க. தேங்காப்பூ மாதிரியே விழுகுது. "பட்டர். ஒன்லி பட்டர். ஆல்வேஸ் பட்டர்." அப்புறம் டப்பா இருந்த பக்கம் கைய நீட்டி, நாக்க வெளிய தள்ளிக் கொமட்டுற மாதிரி மூஞ்சிய வச்சாங்க. சின்ன வயசுல அந்தக் கொழுப்புப் புடிங்கத் தின்னு தின்னு வெறுத்துப் போச்சாம், வாயி மேலண்ணத்துல மெழுகு மாதிரி ஒட்டுமாம். தன் வீடுன்னு ஒண்ணு வந்த நாள்லருந்து அதத் தொட்டதே இல்லியாம்.

நான் அப்பிடியே தரையில உக்காந்துட்டேன். நெஞ்சுல இருந்து ஒரு மூட்டைய எறக்கி வச்ச மாதிரி. வெண்ணெ. பாலு குடுத்த மாடு பாலு குடுத்துட்டுப் போயிருச்சு, யாரையும் கொல்லல. நேத்தி அப்பிடியே இருக்கு, பங்கம் இல்ல. அக்கா சொன்னது சரிதான், அம்மன் இவ்வளவு நாளும் பாத்துக்கிட்டேதான் இருந்திருக்கா, தப்பு இல்லன்னுதான் சும்மா இருந்திருக்கா. நான் சிரிக்கிறேன், அழுகுறேன். மேடமும் என் பக்கத்துல தரையில உக்காந்தாங்க. ஒரு வெரல உதட்டுல வச்சு மாடிப்படியப் பாத்தாங்க. மம்மிகிட்ட மூச்சு விட்டுறாதன்னு கெஞ்சுறாங்க. நான் அம்மனுக்குப் பயந்தேன், அவங்க அம்மாவுக்குப் பயந்தாங்க. பெரிய வீடு, கார், ஏசி எல்லாம் இருந்தும் பாருங்க.

இங்கதான் ஒரு சிக்கல் வந்துச்சு. பெரிய மேடம் ஊருக்குக் கெளம்புறதுக்கு முந்தின வெள்ளிக்கெழம, மக புடிங்கு செய்யிறதக் கூடவே இருந்து பாக்கப் போறேன்னுட்டாங்க. இத்தன வாரமும் மேடம் எப்பிடியோ அவங்கள புள்ளைங்களோட பீச்சுக்கு அனுப்பிட்டு வேலைய முடிச்சிருக்காங்க. இந்தத் தடவ நடக்கல. மேடம் மூஞ்சில ஈயாடல. நான் அந்த வாரம் கோயிலுக்குப் போகல. அம்மனுக்கு வீட்ல இருந்தே ஒரு கும்பிடு போட்டுட்டு, விடியக்காலைலயே ஒரு டப்பாவ எடுத்துப் பிரிச்சேன். உள்ள இருந்ததப் பேப்பர்ல கட்டி ஒதுக்கி வச்சேன். டப்பாவ நல்லாத் தொடச்சு, வெண்ணெயத் துருவி, மாவுல பெரட்டி உள்ள நெரப்பி, திரும்பப் பிரீசர்ல வச்சுட்டேன். மேடம் வந்து பாத்துட்டு என் கன்னத்தக் கிள்ளுனாங்க. அந்த வயசுல என் கன்னத்த யாரும் கிள்ளுனதில்ல.

பெரிய மேடம் ஸ்டூல்ல உக்காந்து பாக்கிறாங்க. மேடம் முட்ட ஒடச்சாங்க, முந்திரிகைவத்தல் போட்டாங்க. நான் டப்பாவ எடுத்து நீட்டுனேன். பெரிய மேடம் நடுவுல கைய விட்டுப் பிடிச்சுட்டாங்க.

"இது ஏன் இப்பிடிச் சில்லுன்னு இருக்கு?"

மேடம் என் பக்கம் திரும்புனாங்க. நான் சொன்னேன், "துபாய் வெரி ஹாட், மேடம். பிரிட்ஜ் வெரி குட்." வெளிய ஜனவரி குளிரு. எல்லாரும் கம்பளிச் சட்ட போட்டிருக்கோம். பெரிய மேடம் ஜன்னலப் பாத்தாங்க, என்னையப் பாத்தாங்க. அப்புறம் தலையாட்டி, இந்தப் பொம்பளைக்கு வெவரம் இருக்குன்னு மககிட்ட சொன்னாங்க. டப்பா காலியாச்சு. கிண்ணத்தக் கட்டிச் சட்டியில எறக்குனோம். சாசர் கடகடன்னு ஆட ஆரம்பிச்சுச்சு. மேடம் நாற்காலியில சாஞ்சு மூச்ச விட்டாங்க.

சட்டியப் பாத்துக்கன்னு எனக்குச் சொல்லிட்டு எல்லாரும் முன்னறைக்குப் போயிட்டாங்க. போன் மணி அடிச்சுச்சு. பெரிய மேடந்தான் எடுத்தாங்க. "ஹலோ? ஹலோ? ஹூ?"ன்னு கத்துறாங்க. எனக்குக் காலு தானா ஓடுச்சு. கையில இருந்து வாங்குனேன். கடல்ல இருந்து பேசுற மாதிரி மருமகன் கொரலு.

"மாமி, கேக்குதா? ஹட்டன் போஸ்டாபீஸ்ல இருந்து பேசுறேன்."

"கேக்குது. சொல்லுங்க."

"புள்ள பொறந்துருச்சு. பொம்பளப் புள்ள. அவளும் சொகம், புள்ளயும் சொகம்."

"அழுதுச்சா?"

"யாரு, அவளா?"

"புள்ள. பொறந்தோன சத்தம் போட்டுச்சா?"

"வாட்டு பூராவும் கேட்டுச்சு மாமி. நர்சு காதப் பொத்திக்கிட்டா. உங்களத்தான் உரிச்சு வச்சிருக்கு."

அதுக்குள்ள லைனு போயிருச்சு. போனா என்ன, வேண்டியது வந்துருச்சு. எல்லாரும் என்னையவே பாக்கிறாங்க. நான் கைய ஆட்டித் தாலாட்டுற மாதிரி காட்டுனேன். "பேபி கம். கேர்ள். குட். டாட்டர் குட்." மேடம் என்னையக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க. சார் எந்திரிச்சுக் கை குடுத்தாரு. பெரிய மேடம் கண்ணத் தொடச்சுக்கிட்டாங்க, எனக்கு என்னமோ அவங்களுக்கே பேத்தி பொறந்த மாதிரி இருந்துச்சு.

அப்பதான் காதுல ஒறச்சுச்சு. சாசர் சத்தத்தக் காணோம். நானும் மேடமும் ஒரே ஓட்டமா ஓடுனோம். தண்ணி அடியில ஒரு வெரக்கட தான். சுடுதண்ணிய ஊத்துனோம். ரெண்டு தடவ முக்கிட்டு அது மறுபடி கடகடன்னு ஆரம்பிச்சுச்சு. அன்னைக்கு எதுவும் கெட்டுப் போற நாளு இல்ல.

மத்தியானம் பெரிய மேடம் என்னையும் மேசைக்குக் கூப்பிட்டுப் பக்கத்துல உக்கார வச்சாங்க. மொதத் துண்டு எனக்கு. கஸ்டடு நீச்சல் அடிக்கிற அளவுக்கு ஊத்துனாங்க. நேத்தி முடிஞ்சு போச்சு, கோழி வறுத்துத் திங்கலாம், கருவாடு சுடலாம், எல்லாம் திங்கலாம். ஆனா மொதல்ல வாயில வச்சது அதத்தான். பெரிய மேடமும் ஒரு வாய் தின்னாங்க. கண்ண மூடி மென்னாங்க. பிறகு கரண்டிய மக பக்கம் நீட்டிச் சொன்னாங்க, பாத்தியா, நல்ல கொழுப்புப் போட்டாத்தான் இந்தப் பதம் வரும், வேற எதப் போட்டாலும் வராதுன்னு. மேடம் தட்டுக்குள்ளயே குனிஞ்சுக்கிட்டாங்க. நான் இன்னொரு துண்டு கேட்டேன்.

பேப்பர்ல கட்டி ஒதுக்கி வச்ச மாட்டுக் கொழுப்ப சொவத்துக்கு மேலால அக்காவுக்குக் குடுத்தேன், அவங்க மேடத்துக்கு ஆகும்னு. புள்ள பொறந்தத சொன்னேன். "அப்ப அம்மாளாச்சி உம்மள மன்னிச்சிட்டா போல"ன்னாங்க. மன்னிக்கிறதுக்கு அங்க என்னா இருந்துச்சு, முழுக்க வெண்ணெதானக்கான்னு நெஞ்ச நிமித்திச் சொன்னேன்.

அடுத்த குளிர்காலம் பெரிய மேடம் மறுபடி வந்தாங்க. பெட்டியத் தொறந்து, வழக்கமான டப்பாக்கள மககிட்டக் குடுத்தாங்க. அப்புறம் ரோஸ் கலர் ரிப்பன் கட்டுன ஒரு டப்பாவத் தனியா எடுத்து என் கையில வச்சாங்க. உன் பேத்திக்கு, பல்லு மொளச்சிருக்கும்ல, செஞ்சு குடு, தெம்பு வரும்னு கைய மடக்கிக் காட்டுனாங்க. நான் கும்பிட்டு வாங்கிக்கிட்டேன். எங்க வைக்கிறதுன்னு மேடத்துக்கிட்ட நான் கேக்கவே இல்ல. ஸ்டூல இழுத்துப் போட்டு, ரிப்பன மட்டும் பேத்திக்குன்னு அவுத்துக்கிட்டு, சூட்கேசுக்குப் பின்னால கொண்டு போயி அடுக்கிட்டேன்.